எண்ணெய்ப் படலமும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

வட்டவளையைக் கடந்து அட்டனை நோக்கி மலையேறும் புகையிரதம் இடையில் நிற்கும் சிறு நிலையம் றொசல்ல. இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய வட்டவளை அருகில் இருப்பதால், ஆண்டின் பெரும் பகுதியில் ஈரம் உலராத மலைச்சாரல் அது. இடுப்பிற் படங்கு கட்டி, கூடையை முதுகில் தாங்கிக் கொழுந்து மலைக்குச் செல்லும் பெண்கள் பலரிடம் இரண்டு பொருள்கள் இருக்கக் காணலாம். ஒன்று, போத்தலில் அடைத்த சாயத் தண்ணீர். மற்றொன்று, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைத் துண்டு ஆகியவற்றை இட்டு முடிந்த சுருக்குப்பை. முன்னது களைப்பைப் போக்குகிறது. பின்னது குளிரையும் பசியையும் சற்று மறக்கச் செய்கிறது. இவ்விரண்டும் உடலிற் செய்யும் வேலைக்குக் காரணமானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள். எனினும், ஐம்பது ஆண்டுகள் தேநீர் அருந்தியவரின் வாய் அதனாற் கெடுவதில்லை. ஐம்பது ஆண்டுகள் வெற்றிலை மென்றவரின் வாயோ பல வேளைகளில் வைத்தியரைத் தேடிச் செல்ல வேண்டியதாகிறது. இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றின் வாயிலில் நடைபெறும் இரசாயனச் செயலாகும்.

அந்தக் குடும்பத்துக்கு இரசாயன நூலோர் இட்ட பெயர் அற்கலோயிட்டு. காரத்தை ஒத்தது என்பது அச்சொல்லின் பொருள். இவை தாவரங்கள் ஆக்கும் பொருள்கள், நைதரசன் அணுவைத் தம்முட் கொண்டவை, பெரும்பாலும் கசப்பானவை. பூச்சியும் புழுவும் தம்மைத் தின்னாதிருக்கத் தாவரங்கள் இவற்றை ஆக்குகின்றன எனலாம். 1819 ஆம் ஆண்டில் செருமானியராகிய உருங்கே கோப்பிக் கொட்டையிலிருந்து கபீனைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டிற் பாரிசு நகரத்துப் பெல்லெத்தியர், காவந்து என்னும் இருவரும் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தனர். தேயிலையில் வேறொரு பொருள் இருப்பதாக எண்ணி அதற்குத் 'தேயின்' என்று பெயரும் சூட்டினர். அதுவும் கபீனே என்பது 1838 இல் தெளிவாயிற்று. தேயிலைச் செடி தன் கபீனை முற்றிய இலையைக் காட்டிலும் இளங்கொழுந்திலேயே மிகுதியாக வைத்திருக்கிறது. பூச்சிகள் விரும்புவதும் இளந்தளிரையே அன்றோ! ஒருத்தி ஒரு நாளில் 18 கிலோ பச்சைக் கொழுந்து பறிப்பாளாயின், அதிலிருந்து ஏறத்தாழ 4 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். அத்தூளில் ஏறக்குறைய 100 கிராம் கபீன் அடங்கியிருக்கும். அவள் முதுகிற் சுமப்பது ஒரு சிறு இரசாயனப் பண்டசாலை.

இனி எண்ணெய்ப் படலத்துக்கு வருவோம். பூசை அறையிலுள்ள கற்பூரத்திற் சிறு துணுக்குகளை எடுத்து, நன்கு கழுவிய தட்டிலுள்ள தூய நீரின் மீது இட்டால், அவை உயிர்பெற்றன போல அங்குமிங்கும் ஓடிச் சுழலும். விரல் நுனியில் ஒட்டிய எண்ணெயால் அந்நீரைத் தொட்ட அளவிலே ஆட்டம் அடங்கிவிடும். எண்ணெய் நீரின் மேல் முழுவதும் பரவி அதன் இழுவிசையைக் குறைத்துவிடுவதே காரணம். 1890 இல் ஆங்கில விஞ்ஞானி இறேலிப் பிரபு இதே விளையாட்டைக் கணக்கிட்டுச் செய்து பார்த்தார். கற்பூரத்தின் ஆட்டத்தை நிறுத்தப் போதுமான எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்றரைக் கூற்றுக்குச் சிறிது மேல் என்று கண்டார். இதற்கு நூறாண்டுக்கு முன்னரே, பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்ற, அது ஏறத்தாழ அரை ஏக்கர் நீரை அலையின்றி அமைதிப்படுத்தியதாக 1774 இல் எழுதியிருந்தார். ஆனால் எண்ணெய் எவ்வளவு மெல்லியதாயிற்று என்று அவர் கணக்கிட்டிலர்.

இப்படலத்தை அளந்து ஆராயும் முறையை முதலில் வகுத்தவர் ஒரு பெண். அதுவும் தம் சமையலறையில். செருமனியின் பிரவுன்சுவைக் நகரில் வாழ்ந்த அக்னெசு பொக்கெல்சுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அக்காலத்தில் அங்கே பெண்களுக்கு அனுமதி இல்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணி, வீட்டு வேலையைக் கவனித்து, தம்பியின் பௌதிக நூல்களைப் படித்து வந்தார் அவர். பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சவர்க்காரமும் செய்யும் விந்தைகளைக் கூர்ந்து நோக்கினார். தகரத்தால் ஆழமில்லாத தொட்டி ஒன்று அமைத்து, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, நீர்மேல் உள்ள படலத்தை நெருக்கவும் விரிக்கவும் வழி கண்டார். 1891 ஆம் ஆண்டு சனவரியில் இறேலிப் பிரபுவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அக்கடிதத்தை ஆங்கிலமாக்கி 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவரச் செய்த பெருமை இறேலிக்கு உரியது. பின்னர் அமெரிக்காவில் ஏர்விங் இலாங்மூர் அத்தொட்டியைத் திருத்தி அமைத்து, 1917 இல் வெளியிட்ட ஆராய்ச்சியினாற் புகழ்பெற்று, 1932 இல் நோபெல் பரிசும் பெற்றார். இன்றும் அத்தொட்டி அவர் பெயராலேயே வழங்குகிறது. பெயர் சூட்டுவதில் உலகம் எப்பொழுதும் நேர்மையாக நடப்பதில்லை.

தொட்டியில் இடப்படுவது பெரும்பாலும் ஒரு கொழுப்பமிலம். ஆட்டுக் கொழுப்பிலும் மெழுகுதிரியிலும் உள்ள ஸ்டியரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் நீரை விரும்பும் ஒரு தலையும், நீரை வெறுக்கும் நீண்ட வாலும் உடையது. நீரின் மேல் பரப்பி நெருக்கினால், தலைகள் நீரிற் படிய, வால்கள் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். சேற்றில் நெருக்கமாக நட்ட நாற்றைப் போல. அந்நாற்றங்காலின் உயரம் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் இரண்டரைப் பங்கு. தடிப்பு ஒரே மூலக்கூறுதான்.

உயிர்க்கலங்களை ஆராய்வோர் இத்தொட்டியைத் தேடி வந்ததற்குத் தக்க காரணம் உண்டு. 1925 இல் ஒல்லாந்தின் இலெய்டன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் செங்குருதிக் கலங்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து இத்தகைய தொட்டியிற் பரப்பினர். அது கலங்களின் புறப்பரப்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இடத்தை மூடிற்று. கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு, வாலோடு வால் பொருந்திய இரட்டைப் படலம் என்னும் முடிவு அதிலிருந்து பிறந்தது. அவர்களுடைய அளவுகளிற் சில தவறுகள் இருந்தன. ஒன்றையொன்று அவை ஈடுசெய்தமையால் முடிவு சரியாக அமைந்தது என்பது பிற்காலத்தில் தெரிந்தது. எவ்வாறாயினும், நீர்மேற் பரந்த ஒற்றைப் படலம் கலமென்சவ்வின் ஒரு பாதிக்கு ஒப்பான மாதிரி எனக் கொள்ளலாயிற்று.

படலத்தின் அடியிலுள்ள நீரில் ஓர் அற்கலோயிட்டைக் கரைத்துவிட்டுத் தொட்டியின் பட்டையை நகர்த்தினால் நிகழ்வது யாது? முன்பு நெருங்கி நின்ற கொழுப்பமில மூலக்கூறுகள் இப்பொழுது அதே அமுக்கத்திற் சற்று விலகி நிற்கின்றன. அழையா விருந்தாளி ஒருவர் வரிசையினுள் நுழைந்துவிட்டார் என்பது இதன் பொருள். பட்டையை மேலும் நெருக்கினால், நுழைந்தவை சில மீண்டும் நீருக்குள் தள்ளப்படுகின்றன. சில தலைகளோடு ஒட்டிக்கொண்டு விலக மறுக்கின்றன. எந்த அற்கலோயிட்டு நுழையும், எது ஒட்டும், எது ஏறெடுத்தும் பாராது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒரு சிறு மின்னேற்றம்.

அற்கலோயிட்டிலுள்ள நைதரசன், நீரிலிருந்து ஓர் ஐதரசன் அயனைப் பற்றிக்கொள்ள வல்லது. பற்றியபோது மூலக்கூறு நேர் ஏற்றம் பெறுகிறது, நீரை நாடுகிறது, எண்ணெயினுட் புகத் தயங்குகிறது. ஐதரசன் அயனை விட்டுவிட்டபோது ஏற்றமற்றதாகி எண்ணெயில் எளிதிற் கரைகிறது. நீர் அமிலமாயின் பற்றும், காரமாயின் விடும். சூரிச்சில் ஆராய்ந்த ஓவர்ட்டன், எண்ணெயில் எளிதிற் கரையும் பொருள்களே உயிர்க்கலத்தினுள் எளிதிற் புகும் என்ற விதியை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவியபோது, அற்கலோயிட்டுகளையும் சோதித்தார். அவற்றின் உப்பு வடிவமன்று, ஏற்றமற்ற கார வடிவமே கலத்தினுட் செல்கிறது என 1897 இல் அவர் எழுதினார்.

கொழுப்பமிலமோ இதற்கு நேர்மாறானது. நீர் காரமாகுந்தோறும் அதன் தலை ஐதரசனை இழந்து மறை ஏற்றம் பெறுகிறது. ஆகவே ஒரு விசித்திரமான நிலை உண்டாகிறது. நீரிற் காரம் ஏறினால், படலம் அற்கலோயிட்டை அழைக்கும் வலிமை மிகுகிறது. ஆனால் அற்கலோயிட்டு அவ்வழைப்புக்கு இணங்கும் ஏற்றத்தை இழந்துகொண்டே போகிறது. இரண்டும் எதிரெதிராகச் செல்வதால், படலத்தின் தலைகளோடு மிக இறுகப் பிணையும் இடம் நடுவில் எங்கோ அமைகிறது. அதற்கு மேலும் காரம் ஏறினால் பிணைப்பு தளர்கிறது. ஆனால் எண்ணெயினூடே கடந்து செல்வது எளிதாகிறது. வாயிலில் ஒட்டிக்கொண்டு நிற்பதும் வாயிலைக் கடப்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், மலைநாட்டாருக்குப் பழக்கமான அற்கலோயிட்டுகள் ஒவ்வொன்றின் போக்கும் தெளிவாகும்.

தேநீரிலுள்ள கபீன் பெயரளவிலேயே காரம். உடலின் நீரில் அது ஏற்றம் பெறுவதே இல்லை எனலாம். மறை ஏற்றத் தலைகள் அதனைக் கவர்வதும் இல்லை. படலத்தின் மீது அது பற்றுக் கொள்வதும் இல்லை. சிறிய மூலக்கூறாதலின் வந்த வழியே சென்று, குடலிலிருந்து குருதிக்கும், குருதியிலிருந்து மூளைக்கும் தடையின்றிப் பரவுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் அது வேலையைத் தொடங்கிவிடுகிறது. கபீன் விடாது பற்றுவது தேயிலையிலேயே உள்ள தனின் வகைப் பொருள்களைத்தான். கடுஞ்சாயம் ஆறியபின் கலங்கித் தோன்றுவது அவ்விரண்டும் கூடித் திரள்வதாலேயே.

குயினைனின் வரலாறு இம்மலைகளோடு பின்னியது. 1861 இல் நுவரெலியாவுக்கு அருகில் அக்கலைத் தோட்டம் திறக்கப்பட்டது சிங்கோனாச் செடிகளை வளர்ப்பதற்காகவே. 1869 இற் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தபோது, தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். 1880 களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. அளவு மிகவே விலை வீழ்ந்தது; சாவகத்துச் சிங்கோனா தரத்திலும் மேம்பட்டு நின்றது; இலங்கை மலைகளிற் சிங்கோனாவின் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1934, 35 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் கேகாலை, குருநாகல் பகுதிகளை நாசமாக்கி ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தபோது, உயர்ந்த மலைகள் பெரும்பாலும் தப்பின. அந்நாளில் நோயாளர்க்கு வழங்கப்பட்ட கசப்பு மருந்து இந்தக் குயினைனே. இந்நோய் இலங்கையில் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2016 இற் சான்றளித்தது.

குருதியிலுள்ள குயினைன் மூலக்கூறுகள் நூற்றில் ஏழெட்டே ஏற்றமற்றவை. அச்சிலவே மென்சவ்வைக் கடக்கின்றன. அவை போனதும், எஞ்சியவற்றுட் சில ஐதரசனை உதறி அவற்றின் இடத்தை நிரப்புகின்றன; அவையும் கடக்கின்றன. மலேரியாக் கிருமி, தான் புகுந்த செங்குருதிக் கலத்தின் ஈமோகுளோபினைச் செரிப்பதற்கு ஓர் அமிலப் பை வைத்திருக்கிறது. அப்பையினுட் சென்ற குயினைன் உடனே ஐதரசனைப் பற்றி ஏற்றம் பெறுகிறது. ஏற்றம் பெற்றதாற் சவ்வைக் கடந்து திரும்பி வர இயலாது அங்கேயே அடைபடுகிறது. எலி புகுந்த பொறிபோல, உள்ளே செல்ல வழி உண்டு, வெளியேற வழி இல்லை. அங்கே அது கிருமி தன் உணவின் நச்சுக் கழிவைத் திரட்டி அடக்குவதைத் தடுத்து, அக்கிருமியையே நஞ்சூட்டுகிறது என்று கருதப்படுகிறது.

இவ்வாறு ஏற்றத்தை உதற வழியே இல்லாத அற்கலோயிட்டும் உண்டு. இலங்கையின் ஈரக் காடுகளிற் படரும் மரமஞ்சட் கொடியை, அதாவது சிங்களவர் வெனிவெல்கெட்ட என்பதை, கொத்தமல்லியோடு அவித்துத் தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் குடிப்பது இந்நாட்டில் எவ்வினத்தாருக்கும் பொதுவான வழக்கம். அத்தண்டின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமானது பேர்பெரின். அதன் நைதரசன் நான்கு பிணைப்புகளாலும் கட்டுண்டு, என்றும் நேர் ஏற்றத்தோடே இருக்கிறது. கொழுப்பமிலப் படலத்தின் மறை ஏற்றத் தலைகளோடு அது விரும்பிப் பிணைகிறது. ஆனால் தனியே எண்ணெயைக் கடக்க அதற்கு இயலாது. ஆகவே, குடித்ததில் மிகச் சிறு பகுதியே குடலைக் கடந்து குருதியை அடைகிறது. கொழுப்பமிலம் ஒன்றோடு அதனைச் சோடி சேர்த்தால், ஏற்றம் ஏற்றத்தை மறைக்க, இரண்டும் கூடி எண்ணெயிற் கரைகின்றன. மருந்தாய்வாளர் பேர்பெரினைக் குருதிக்குள் ஏற்ற முயலும் வழிகளுள் இதுவும் ஒன்று.

இப்பொழுது சுருக்குப்பையை அவிழ்க்கலாம். பாக்கிலுள்ள அரிக்கோலினும் புகையிலையிலுள்ள நிக்கொட்டினும் ஏற்றத்தைப் பெறவும் உதறவும் வல்லவை. நிக்கொட்டினை எடுத்துக்கொண்டால், அமிலமும் காரமும் சமமாயுள்ள நடுநிலை நீரில் அதன் மூலக்கூறுகள் நூற்றில் ஒன்பதே ஏற்றமற்றவை. உமிழ்நீர் ஏறக்குறைய அந்நிலையில் உள்ளது. காரத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலில் இரு படிகள் மேலேறி 9 ஆனால், நூற்றில் தொண்ணூற்றொன்று ஏற்றமற்றவை ஆகிவிடும். நீற்றிய சுண்ணாம்பின் நிறைகரைசல் அதே அளவுகோலில் 12 க்கு மேல் நிற்பது. வெற்றிலையில் தடவும் ஒரு விரற் சுண்ணாம்பு உமிழ்நீரோடும் பாக்கோடும் கலந்து வலிமை குறைந்தாலும், பூட்டிய வாயிலைத் திறந்துவிட அது போதும். சுண்ணாம்பில்லாத வெற்றிலை 'ஏறாது' என்று பாட்டிமார் சொல்வது இரசாயனப்படி முற்றும் உண்மை. தென்னமெரிக்க மலைவாழ் மக்களும் கொக்கோ அன்று, கோக்கா இலையை மெல்லும்போது சுண்ணாம்பையோ சாம்பலையோ சேர்க்கின்றனர். ஒருவரையொருவர் அறியாத இரு கண்டத்தார் ஒரே உண்மையை நாவினாற் கண்டுபிடித்தனர். தேநீரிற் சுண்ணாம்பு கலப்பார் எவரும் இல்லை. கபீனுக்கு உதறுவதற்கு ஏற்றம் ஏது?

இவ்விடத்தில் மாதிரியின் எல்லையையும் கூறவேண்டும். தொட்டியிலுள்ள கொழுப்பமிலப் படலத்தின் அடியிற் சுண்ணாம்பு நீரை விட்டால், அதிலுள்ள கல்சியம் தலைகளை இரண்டிரண்டாகப் பிணைத்துப் படலத்தை இறுக்கிவிடும்; கடின நீரிற் சவர்க்காரம் திரளும் அதே செயல்தான். அதை மட்டும் பார்ப்பவர், சுண்ணாம்பு வாயிலை அடைக்கிறது என்று தலைகீழாக முடிவு கட்டக்கூடும். வாயின் உட்தோலோ பல அடுக்குக் கலங்களால் ஆனது. அதன் கொழுப்புகள் பல வகையின. அவற்றிடையே கொலஸ்திரோலும் புரதங்களும் உள்ளன. மேலும், சுண்ணாம்பு அத்தோலை அரித்துப் புண்ணாக்கும் தன்மையது. தொட்டி காட்டுவது ஏற்றத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவை மட்டுமே. வாயின் முழுக் கதையையும் அதனிடம் கேட்கலாகாது.

அம்முழுக் கதை துயரமானது. வாயினுட் கடந்த அரிக்கோலின் அங்குள்ள கலங்களைத் தூண்டி நார்ப்பொருளை அளவுக்கு மீறி ஆக்கச் செய்கிறது. பாக்கிலுள்ள செம்பு அந்நார்களை இறுகச் செய்ய உதவுகிறது. கன்னத்தின் உட்புறம் வெளிறிக் கயிறு போல் விறைக்கிறது. காரமான கறி எரிகிறது. சில ஆண்டுகளில் வாயை அகலத் திறக்க முடியாமற் போகிறது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் ஒட்சிசனோடு கூடிக் கலங்களின் பரம்பரை அலகுகளைத் தாக்கும் பொருள்களைப் பிறப்பிக்கின்றன. புகையிலையை விலக்கி, வெறும் பாக்கும் வெற்றிலையும் மென்றாலும் ஆபத்து நீங்குவதில்லை. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004 இல் வெளியிட்ட தொகுதியில் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. தோட்டங்களில் வெற்றிலை மெல்லும் வழக்கம் பெண்களிடத்தும் வேரூன்றியுள்ளது. கொட்டும் மழையில், செங்குத்தான மலையில், இரண்டு கையும் கொழுந்தில் இருக்க, வாய்க்கு மட்டும் ஓய்வாகக் கிடைக்கும் அந்த ஒரு சுகத்தை விடு என்று சொல்வது எளிது, விடுவது எளிதன்று. நிக்கொட்டினும் அரிக்கோலினும் மூளையைப் பிணிக்கும் பொருள்கள் என்பதையும் சொல்வோர் நினைவில் வைத்தல் வேண்டும்.

இந்நோய்க்கு ஒரு தன்மை உண்டு. அது கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே தொடங்குகிறது. கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ துடைத்தால் அகலாத வெண்படலம், செம்படலம், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண் ஆகியவை அதன் முன்னோடிகள். இவை தொடக்கத்தில் வலிப்பதில்லை. ஆதலால் வைத்தியரிடம் செல்ல எவருக்கும் தோன்றுவதில்லை. 1980 களில் இலங்கையின் மத்திய மாகாணத்திற் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாய்களைப் பார்த்தனர். இத்தகைய படலங்களைப் பல் வைத்தியர் அல்லாதவரும் அடையாளம் காண முடியும் என்பதை அம்முயற்சி காட்டிற்று. அதன் விவரம் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1984 இல் வெளிவந்தது. அதற்கு வேண்டிய கருவி பகல் வெளிச்சமும் ஒரு சிறு கண்ணாடியும். லயத்து வாசலில், வெற்றிலையைத் துப்பி வாயைக் கொப்பளித்தபின், ஒருவர் மற்றொருவரின் கன்னத்தை விரலால் விலக்கிப் பார்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.